கப்டன் டோர்வானுக்கு ஒரு துஆ

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு, உலகத்திலேயே இல்லாத ஒரு மனிதருக்காக ஊர் ஆண்கள் எல்லோரும் கையேந்தி ஆமீன் சொன்னார்கள். அதற்குக் காரணம் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. இதைச் சொன்னால் இன்றும் எங்கள் வீட்டில் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் அந்த வருடம் எனக்கு விளங்காமல் போன விஷயங்களில் அது ஆகச் சின்னது.

எங்கள் வீடு மாம்புரியில், கடலுக்கும் களப்புக்கும் நடுவே. வாப்பாவுக்குக் கருவாட்டு வியாபாரம். வாப்பாவின் தம்பியான சாச்சாவும் அவர் மனைவி சாச்சியும் அதே வளவில் பக்கத்து வீட்டில் இருந்தார்கள். சாச்சி முந்தலிலிருந்து கலியாணம் முடித்து வந்தவர். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் எனக்குப் பேன் பார்ப்பது, சடை பின்னுவது, பாடம் சொல்லித்தருவது எல்லாம் சாச்சிதான். உம்மாவுக்கு அதில் கொஞ்சம் நிம்மதி, கொஞ்சம் பொறாமை.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பும் காலத்தில் சாச்சா வெளியூர்க் கூட்டாளி ஒருவரோடு போட்டில் கடலுக்குப் போனார். இருவரும் திரும்பவில்லை. நேவி தேடியது, ஊர்ப் போட்டுகள் தேடின, வாப்பா கற்பிட்டிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். ஒரு வலைத் துண்டு, ஒரு பெற்றோல் கலன்கூடக் கரை ஒதுங்கவில்லை.

புருஷன் மௌத்தானால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்க வேண்டும். அதுதான் இத்தா. இறந்தவரின் உடல், அந்த மையித்து, வீட்டில் இருந்தால் இதில் கேள்விக்கு இடமில்லை. சாச்சாவின் மையித்து வரவில்லை. மாதங்கள் போனதும் வாப்பாவும் சாச்சியின் வீட்டாரும் இனி இத்தா இருக்கத்தான் வேண்டும் என்றார்கள். பள்ளிவாசல் ஹஸ்ரத்தோ, நிச்சயம் தெரியாமல் அவசரப்பட வேண்டாம் என்றார். நிச்சயம் என்றால் என்ன என்று பெரியவர்கள் எங்கள் விறாந்தையில் இருந்து பல தடவை கதைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் உள்ளேயிருந்து சாச்சி ஒரே பதிலைச் சொன்னார்.

"மையித்தைக் காட்டுங்க, இரிக்கிறன்."

இதில் எனக்கு விளங்கியது ஒன்றுதான். சாச்சி இத்தா இருந்தால், அது முடிந்ததும் முந்தலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு வேறு கலியாணமும் பேசுவார்கள். ஆகவே சாச்சி இத்தா இருக்கக் கூடாது. என் கணக்கு அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் கப்டன் டோர்வான் வருகிறார்.

என் அண்ணனுக்கு, எங்கள் நானாவுக்கு, அப்போது பதினேழு வயது. அவரிடம் இருந்த போன் சாச்சா வாங்கிக் கொடுத்தது. அதில் ஒரு காட் விளையாட்டு இருந்தது. மீன் வாடியில் ஆண்கள் கூடி விளையாடும் முந்நூற்றி நாலு என்ற சீட்டாட்டம் மாதிரி இல்லை. இதில் ஒன்பது துறைமுகங்கள், ஒன்பது ராஜ்யங்கள், மந்திரம் தெரிந்த திருக்கை மீன்கள், எலும்பால் கட்டிய கப்பல்கள். ஒவ்வொரு காட்டிலும் ஒரு படம், கீழே இரண்டு வரி கதை. சாச்சாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. ஆனாலும் மாலையில் நானாவுக்குப் பக்கத்தில் இருந்து படம் பார்ப்பார். தாடி வைத்து, கையில் விளக்குப் பிடித்து, போட்டின் முன்பக்கம் நிற்கும் ஒரு மனிதரின் காட் விழுந்தபோது, "இது நம்மட ஆளுடா, இவர விட்டிராத" என்று சொன்னவர் அவர்தான். அந்த மனிதர்தான் டோர்வான்.

அந்த விளையாட்டை நடத்தும் கம்பனி காலத்துக்குக் காலம் புதிய காட் தொகுதி ஒன்றை வெளியிடும். அதோடு கதையும் முன்னே நகரும். கடைசியாக வந்த தொகுதியில், ஒரு துறைமுகத்துப் பிள்ளைகளை மீட்பதற்காக டோர்வான் வெண்பனிக்குள் போட்டை விட்டார். பனி மூடிக்கொண்டது. 'அவருடைய விளக்கு கடைசியாக மேற்கே தெரிந்தது' என்பதோடு கதையை நிறுத்திவிட்டார்கள். அடுத்த தொகுதியில் அவர் வருவாரா மாட்டாரா என்று உலகம் முழுவதும் இருந்த ரசிகர்கள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வளவில் அந்தக் கவலை நானா ஒருவருக்குத்தான் இருந்தது. சிக்னல் கிடைப்பதற்காக அவர் தண்ணீர்த் தாங்கி வைத்திருந்த கொங்கிரீட் தட்டில் ஏறி இருந்துகொண்டு, கொழும்புக் கூட்டாளி ஒருவனோடு போனில் சண்டை பிடிப்பார்.

ஒரு நாள் அப்படித்தான் கத்திக்கொண்டிருந்தார். "கறுப்புக் கரை போட்ட காட் வரல்லதானே மச்சான்? பொறகென்ன? அது வாற வரைக்கும் மனிசன் உசிரோடதான். மௌத்தாகிட்டார் எண்டு சொல்ல நீ ஆரு?"

கீழே கொடியில் சாச்சி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். சாச்சாவின் சாரங்களையும் அவர் கிழமைக்கு ஒரு தடவை துவைப்பார்; யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. கையில் ஈரச் சாரத்தோடு அண்ணாந்து பார்த்தார்.

"ஆரு மகன் அது? ஆரு மௌத்தாகல்ல?"

நானாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஒண்டுமில்ல சாச்சி. சும்மா கேம் ஒண்டு."

"சொல்லுங்களன்."

நானா சொன்னார். அந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. கதையில் ஒருவர் இறந்தால், அவருடைய படத்தைக் கறுப்புக் கரை போட்டு மறுபடி ஒரு காட்டாக வெளியிடுவார்கள். டோர்வானுக்கு அது வரவில்லை. ஆகவே அவர் சாகவில்லை. சாச்சி ஏசப்போகிறார் என்று நான் எதிர்பார்த்தேன். சாச்சி ஏசவில்லை. முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, தட்டுக்குப் போகும் படியில் உட்கார்ந்தார்.

"தண்ணி எவ்வளவு கொண்டு போனவர்?"

நானா திருதிருவென்று விழித்தார். டோர்வான் தண்ணீர் கொண்டுபோனதாக எந்தக் காட்டிலும் இல்லை.

அன்றிலிருந்து அது தினசரிக் காரியமாகிவிட்டது. அஸர்த் தொழுகைக்குப் பிறகு நானா தட்டின் மேல், சாச்சி கீழ்ப்படியில், நடுப்படியில் நான். நான் நடுவில் இருக்க வேண்டும் என்பது உம்மாவின் உத்தரவு. வளர்ந்த பையனும் சாச்சியும் தனியே கதைத்தால் ஊர் வாய் சும்மா இருக்காது. நானா அன்றைய செய்திகளைச் சொல்வார். புதிய தொகுதிக்கு ஒரு விளம்பரப் படம் வந்திருந்தது. அதன் மூலையில் மஞ்சளாக ஒரு புள்ளி. அது டோர்வானின் விளக்கு என்று ஒரு கட்சி, இல்லை அது நிலா என்று இன்னொரு கட்சி. சாச்சி போனைக் கண்ணுக்குக் கிட்டக் காட்டச் சொல்லிப் பார்த்தார்.

"நிலாவெண்டா தண்ணியில விழுந்திருக்கும். இது விளக்குத்தான்" என்றார்.

அது விளையாட்டு என்று சாச்சிக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் தெரிந்த ஒருவர் இப்படிக் கேள்வி கேட்பாரா என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் அவர் நானாவைத் திருத்தவே தொடங்கிவிட்டார்.

"பனி மூடினா காத்து விழுந்திரும் மகன். காத்தில்லாட்டிப் பாய் இருந்தும் வேலையில்ல. நீரோட்டம் இழுக்கிற பக்கம்தான் போகும். விளக்கு மேற்கால தெரிஞ்சதெண்டா ஆள் இப்ப தெற்கால."

நானா இதை இங்கிலீஷில் எழுதி ரசிகர்கள் கூடும் இடத்தில் போட்டார். மறுநாள் பார்த்தால் கனடாக்காரரும் பிலிப்பைன்ஸ்காரரும் அதைப் பற்றி அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். சிலர் ஆஹா என்றார்கள். ஒருவர், இது கற்பனைக் கடல், இதில் நீரோட்டம் உண்டென்று யார் சொன்னது என்று கேட்டிருந்தார். அதை நானா வாசித்துக் காட்டியதும் சாச்சிக்கு மூக்குச் சிவந்துவிட்டது.

"நீரோட்டம் இல்லாத கடல் எங்க இரிக்கி? கேளுங்க அந்தாள்ட!"

தெற்கே போனால் மாலைதீவு என்று சாச்சி முன்னொரு நாள் வாப்பாவிடம் சொன்னதும், வாப்பா தலையைக் குனிந்துகொண்டதும் எனக்கு நினைவிருந்தது. டோர்வானின் கடலிலும் தெற்கே மாலைதீவுதான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்குள் இரண்டு கடலும் கலந்துவிட்டிருந்தன. டோர்வான் உயிரோடு வந்தால் சாச்சி இத்தா இருக்க மாட்டார், முந்தலுக்கும் போக மாட்டார். ஆகவே டோர்வான் வர வேண்டும். இதற்கு என்னால் ஆனது என்ன?

மத்ரஸாவில் வியாழக்கிழமைகளில் ஓதி முடிந்ததும், யாருக்காவது துஆ கேட்க வேண்டுமா என்று ஹஸ்ரத் பிள்ளைகளிடம் கேட்பார். உம்மும்மாவுக்குக் கால் நோவு, ராத்தாவுக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனை என்று பிள்ளைகள் சொல்வார்கள். அந்த வியாழன் நான் கை உயர்த்தினேன்.

"கப்டன் டோர்வானுக்கு ஹஸ்ரத். கடல்ல காணாமப் போயிட்டார். எங்கட சாச்சி ஒவ்வொரு நாளும் தேடுறா."

ஹஸ்ரத் கண்ணாடியைக் கழற்றினார். "உங்கட சாச்சாவோட போன ஆளா?"

நான் யோசித்தேன். பொய் சொல்லக் கூடாது. "தெரியா ஹஸ்ரத். ஒரே பக்கம்தான் போயிரிப்பாங்க."

"வெளிநாட்டாளா?"

"ஓம்."

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று நான் இன்றைக்கும் வாதாடுவேன். அடுத்த நாள் ஜும்ஆவுக்குப் பிறகு, ஹஸ்ரத் எங்கள் சாச்சாவின் பெயரைச் சொல்லி, அவரோடு அகப்பட்ட அந்நிய தேசத்துச் சகோதரர் கப்டன் டோர்வானையும் பத்திரமாகக் கரை சேர்க்கும்படி துஆ கேட்டார். ஊரே ஆமீன் சொன்னது. முன்வரிசையில் இருந்த வாப்பாவும், யாரென்று தெரியாமலே, ஆமீன் சொன்னாராம்.

ஒலிபெருக்கியில் அது எங்கள் குசினி வரைக்கும் கேட்டது. உம்மாவின் கையில் அகப்பை அப்படியே நின்றது. சாச்சி சிரிக்கத் தொடங்கினார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ மாதம். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், தரையில் உட்கார்ந்து சிரித்தார், பிறகு முகத்தை மூடிக்கொண்டார். அது எந்த இடத்தில் சிரிப்பாக இல்லாமல் போனது என்று எனக்குத் தெரியவில்லை. உம்மா என்னை வெளியே போகச் சொன்னார்.

அன்று பின்னேரமே ஊர் தன் பாட்டுக்கு ஒரு கதையைக் கட்டிவிட்டது. சாச்சாவை ஒரு வெளிநாட்டுக் கப்பல் ஏற்றிக்கொண்டதாம், கப்டனின் பெயர்கூடக் கிடைத்துவிட்டதாம். ஆட்கள் வீடு தேடி வந்தார்கள். ஒரு வீட்டிலிருந்து தட்டு நிறையத் தொதல் இனிப்பு வந்தது. வாப்பா வாசலில் நின்று, வந்த ஒவ்வொருவருக்கும், அந்தக் கப்டன் போனுக்குள் இருக்கும் ஒரு படம் என்று விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. அது முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது: "இல்ல, தம்பி வரல்ல." தொதலைத் திருப்பிக் கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று யாருக்கும் தெரியவில்லை. நான் ஒரு துண்டு எடுத்தேன். உம்மா கையில் அடித்தார்.

அதற்குப் பிறகு வாப்பா வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். ஏச்சு எனக்கு விழும் என்று நினைத்திருந்தேன். எல்லாம் நானாவுக்கு விழுந்தது.

"படத்துக்கு ஊரே துஆ கேட்டிச்சி! இஞ்ச ஒருத்தி எந்த நெலமையில இரிக்கிறா எண்டு தெரியாம வெளாட்டு வெளாடுறீங்களா?" என்று போனைப் பிடுங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். புதிய தொகுதி வருவதற்கு இன்னும் கொஞ்ச நாட்கள்தான் இருந்தன.

அது வரும் நாளன்று சாச்சி எங்கள் வீட்டுக் கதவோரம் வந்து நின்றார்.

"மச்சான், அந்தப் போனை மகன்ட குடுங்க."

"என்னத்துக்கு?"

"அந்தக் காட் இண்டைக்கு வருகுது. வரட்டும். பாக்கணும்."

ஏசுவதற்கு வாயைத் திறந்த வாப்பா ஏசாமலே எழுந்து போய் அலுமாரியைத் திறந்தார். இதுவும் எனக்கு விளங்கவில்லை.

அஸருக்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் அவரவர் படியில் இருந்தோம். தூரத்தில் காற்றாலைகள் ஏனோ அன்று சுற்றாமல் நின்றன. சிக்னல் வந்து வந்து போனது. நானா காட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். திருக்கை மீன்கள் வந்தன, எலும்புக் கப்பல்கள் வந்தன. டோர்வான் வரவில்லை. கறுப்புக் கரையோடும் வரவில்லை, கரையில்லாமலும் வரவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள். படகுத் துறையின் நுனியில் நிற்கிறாள், கையில் அணைந்த விளக்கு, முகம் எங்களைப் பார்த்து. கடல் அவள் முதுகுக்குப் பின்னால். 'கரையில் நின்றவள்' என்று பெயர் போட்டிருந்தது. டோர்வானின் மனைவி.

"ஏமாத்திட்டானுவ சாச்சி!" நானாவுக்கு அழுகை வராத குறை. "உசிரா மௌத்தா எண்டு சொல்லவே இல்ல!"

"இவவுக்கு இதுல என்ன வேலை?"

நானா வாசித்துச் சொன்னார். இவளை ஆட்டத்தில் இறக்கினால், புதிதாகக் கை நிறையக் காட் எடுக்கலாம். ஆனால் அந்த ஆட்டத்தில் இனி டோர்வானை இறக்க முடியாது.

"அப்ப அவர் இல்ல எண்டு ஆரு சொல்ற? கம்பனியா?"

"கம்பனி சொல்லல்ல சாச்சி. வெளாடுறவங்கட விருப்பம் எண்டு விட்டுட்டான். இவவை இறக்கினா அவர் இல்ல. இறக்காட்டி அவர் வரலாம்."

"இறக்காம வெச்சிக்கிட்டே இருந்தா?"

"கை நிரம்பிரும். வேற ஒண்டும் எடுக்க ஏலாது."

சாச்சி கையை நீட்டிப் போனை வாங்கினார். அந்தப் பெண்ணின் முகத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "பாவம்" என்றார். யாரைச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. பிறகு போனை என்னிடம் தந்து, இறங்கிப் போய், கொடியில் காய்ந்திருந்த சாரத்தை எடுத்து உதறி மடித்தார். நானா மேலே இருந்து கொழும்புக் கூட்டாளியிடம் கம்பனியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமை, இத்தா இருப்பதாகச் சாச்சி தாமாகவே உம்மாவிடம் சொல்லிவிட்டார். வெள்ளை உடுப்பு தைத்தார்கள். ஜன்னலுக்குச் சீலை கட்டினார்கள். முந்தலிலிருந்து அவருடைய வாப்பா வந்தார், ஹஸ்ரத் வந்து ஓதினார். இத்தனை மாதமாக இதையே கேட்டுக்கொண்டிருந்த என் வாப்பா, கிணற்றடியில் போய் நின்று சத்தம் போட்டு அழுதார். கேட்டது கிடைத்த பிறகு ஒரு மனிதர் ஏன் அழ வேண்டும் என்று நான் வாளியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன். என் மனதுக்குள் எனக்கும் ஒரு கோபம் இருந்தது. டோர்வான் வராதபடியால்தான் சாச்சி இத்தா இருக்கிறார். எல்லாம் அந்தக் கம்பனி செய்த வேலை.

நானா இனிச் சாச்சியைப் பார்க்க முடியாது. அவர் வயதுக்கு வந்த ஆண், அந்நியர். எங்கள் இரண்டு பேரில் அந்த அறைக்குப் போய்வரக்கூடியவள் நான் ஒருத்திதான். ஒரு காலையில் பாணும் தேத்தண்ணியும் கொண்டுபோனேன். வெள்ளையில் சாச்சி வேறு யாரோ போல இருந்தார். என்னைப் பிடித்து இருத்தி, வழக்கம்போலச் சடையை அவிழ்த்தார்.

"முந்தலுக்குப் போயிருவீங்களா?" என்று கேட்டேன்.

"போகத்தானே வேணும் மகள்."

சீப்பு என் தலையில் இழுபட்டது. எனக்குக் கண் கலங்கியது. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"அப்ப டோர்வான் மௌத்தா?"

சாச்சியின் கை நின்றது. கொஞ்ச நேரம் யோசித்தார். சின்னப் பிள்ளையின் கேள்விக்கு இவ்வளவு யோசிப்பார்களா என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

"இல்ல மகள்" என்றார். "அவர் உசிரோடதான் இரிக்கிறார். உங்கட சாச்சாதான் மௌத்து. நானாட்டப் போய்ச் சொல்லுங்க, அந்தப் பொம்பளட காட்டை நானா இறக்கத் தேவல்ல எண்டு."

எனக்குக் குழம்பிப் போய்விட்டது. இரண்டு பேரும் கடலில்தான் காணாமல் போனார்கள். இரண்டு பேருக்கும் மையித்து இல்லை. ஒருவர் உயிரோடும் மற்றவர் மௌத்தாகவும் எப்படி இருக்க முடியும்? ஆனாலும் நல்ல செய்தி நல்ல செய்திதான். பாதி பின்னிய சடையோடு ஓடினேன். நானா தட்டின் மேல் தாங்கியில் சாய்ந்து இருந்தார். திரையில், சாச்சா விட்டிராதே என்று சொன்ன அதே காட், தாடியும் விளக்குமாக.

"நானா, கப்டன் உசிரோடதானாம்! சாச்சி சொல்லிட்டா! அந்தக் காட்டை நீங்க இறக்கத் தேவல்லையாம்!"

நானா போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். நான் பக்கத்தில் இருந்து அவர் முதுகைத் தட்டினேன். இவ்வளவு நாள் ஊரெல்லாம் சண்டை பிடித்து, கடைசியில் அவருடைய கட்சி வென்றுவிட்டதே, அந்தச் சந்தோசத்தில் அழுகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.